ஆம்னி இன்ஜினைப் பழக்கிக் கொடுத்த மரப்பாலம் பட்டறை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2012 மாடல் மாருதி ஆம்னி, 1,41,000 கி.மீ. ஓடியது. புதுச்சேரி மரப்பாலத்தில் ஒரு பட்டறையில் இன்ஜினை இறக்கி முழு வேலை. மொத்தச் செலவு 33,600 ரூபாய்: சாமான் 19,200, லேத்து (சிலிண்டர் கடையும் இடம்) 4,900, கூலி 9,500. ஒன்பது நாளில் தருவதாகச் சொல்லி இருபத்தொரு நாள் இழுத்தார்கள். வேலை முடிந்தபின் இன்று காலை வரை 3,240 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். புகை இல்லை. ஆயில் அளவு மேல்கோட்டை ஒட்டியே நிற்கிறது.

அவசரக்காரர்களுக்கு இது போதும். நான் இதே வண்டிக்கு இதே வருடத்தில் இரண்டு முறை இன்ஜின் வேலை பார்த்தவள். முதல் முறை பணம் போனதே மிச்சம். இரண்டாம் முறை ஏன் சரியாக வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மேலே படியுங்கள்.

எனக்கு முந்திரி வியாபாரம். பண்ருட்டிப் பக்கம் பருப்பு எடுத்து, கடலூரில் வீட்டில் வைத்துத் தரம் பிரித்து, புதுச்சேரியில் ஸ்வீட் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் போடுகிறேன். பத்து கிலோ டின் இருபது, இருபத்தைந்து ஏற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் அந்தப் பக்கம் போய்வர வேண்டும். ஆம்னியை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. பின் சீட்டைக் கழற்றிவிட்டால் ஒரு சின்ன கோடவுன் மாதிரி. 2019-இல் மாருதி அதை நிறுத்திவிட்டது. ஈகோ வேன் வாங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள், சொல்கிறவர்கள் யாரும் ஐந்தாறு லட்சம் தருவதாகச் சொல்லவில்லை.

போன மார்ச் மாதம் புகை ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் எரிகிறது, நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இது எனக்கே தெரியும். 400 கி.மீ.க்கு அரை லிட்டர் ஆயில் குடித்தது. வண்டி ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப் என்று புகை மேலே வரும். இதை மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரெஷன்’ என்பார்கள். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது என்பதால் அந்த வாசனை முழுக்க நமக்குத்தான். முந்திரி டின் மூடியில்கூட ஆயில் வாடை வர ஆரம்பித்தபோதுதான் பயந்தேன்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். பெயர் வேண்டாம். “ஃபுல் இன்ஜின் எல்லாம் தேவையில்லக்கா, ரிங் மட்டும் மாத்திடலாம்” என்றார். ரிங் என்றால், சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையம். 8,500 ரூபாய். மூன்றே நாளில் முடித்தார். நான் போனபோது வண்டி பட்டறை வாசலில் தனியாக நின்று உறுமிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்ற இடத்திலேயே, ஓடுகிறதாம். “புது ரிங் செட் ஆகணும்ல, சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும்” என்றார். எனக்கு அது ரொம்ப அக்கறையான காரியமாகத் தோன்றியது. அதற்கப்புறம் ஆயிரம் கிலோமீட்டர் வரை 40-க்கு மேல் போகாதீர்கள் என்றார். அதையும் அட்சரம் பிசகாமல் செய்தேன். பின்னால் வருகிற பஸ்காரர்களிடம் வாங்கிய வசவுகளை இங்கே எழுத முடியாது.

800 கி.மீ.இல் மறுபடி நீலப் புகை. முன்பைவிடக் கொஞ்சம் கூட.

மரப்பாலம் பட்டறையைச் சொன்னவர் என்னிடம் பருப்பு வாங்கும் ஒரு பேக்கரிக்காரர். மரப்பாலம் சிக்னலிலிருந்து ஒரு சந்துக்குள் போக வேண்டும். பெயர்ப்பலகை கிடையாது. அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் மூடிப்போன ஏ.எஃப்.டி. மில்லை வைத்துத்தான் வழி சொல்கிறார்கள், மில்லைத் தெரியாதவர்கள் பாடு கஷ்டம். தகரக் கொட்டகை, இரண்டு வண்டி நிற்க இடம், ஒரு வேப்ப மரம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு மேஸ்திரி, இரண்டு பையன்கள். மேஸ்திரி வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் என்னை விசாரித்தார். எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள், எந்த ரோட்டில் போவீர்கள், கடைசியாக வேலை பார்த்தபோது என்ன செய்தார்கள். ஐடிலில் விட்ட கதையைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். 95, 80, 100 பவுண்டு. நடுச் சிலிண்டர் பிளக் எண்ணெயில் முக்கி எடுத்த திரி மாதிரி இருந்தது.

“ஆடி கழியட்டும், ஆவணியில விடுங்கம்மா” என்றார். வேலை நெருக்கடியா, ஆடி மாதத்து யோசனையா தெரியவில்லை. ஆவணியில் விட்டேன்.

இந்தப் பட்டறைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி, இன்ஜினைப் பிரித்த அன்று எனக்குப் போன் செய்து “வந்து பார்த்துட்டுப் போங்க” என்று சொன்னதற்காக. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார். சிலிண்டர் உள்சுவரில் டார்ச் அடித்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. நான் நல்லதுதானே என்றேன். அவர் சிரித்துவிட்டு, “வீட்டுல அம்மி இருக்கா?” என்று கேட்டார்.

இருக்கிறது. மாமியார் காலத்து அம்மி.

“அம்மி வழவழன்னு ஆயிட்டா என்ன பண்ணுவீங்க?”

கொத்தச் சொல்வோம். கொத்தாத அம்மியில் மிளகாய் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும், அரையாது.

“இதுவும் அம்மிதான். கொத்தாத அம்மியில புது ரிங்க போட்டிருக்காங்க.”

சிலிண்டர் சுவரை ஹோனிங் செய்யும்போது, அதாவது கல் வைத்துத் தேய்க்கும்போது, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் விழும். அந்தக் கீறல்களில் ஆயில் தங்க வேண்டும். கீறல்களின் மேடுகளில் ரிங் உரசி உரசி, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போக வேண்டும். அதுதான் இன்ஜின் பழகுவது. என் வண்டியில் பழைய வழவழப்புச் சுவரை அப்படியே வைத்து ரிங் போட்டது முதல் தப்பு. ஐடிலில் பகல் முழுக்க ஓட விட்டது அதைவிடப் பெரிய தப்பு. அதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்:

“ரிங்கு தன் பலத்துல சுவத்துல ஒட்டாதும்மா. வெடிக்கிற காத்து ரிங்குக்குப் பின்னால பூந்து அதை வெளிய தள்ளணும். ஐடில்ல வெடிப்பே சோதா. ரிங்கு சும்மா மேல தடவிக்கிட்டுப் போகும். வழிஞ்ச ஆயில் சூட்டுல வெந்து சுவத்துல வார்னிஷ் மாதிரி படிஞ்சிரும். அப்புறம் நீங்க இமயமலைக்கே ஓட்டிட்டுப் போனாலும் செட் ஆகாது.”

அப்படியானால் 40-இல் பொத்திப் பொத்தி ஓட்டியதும் வீண்தான். என் சொந்தக் காசில் என் இன்ஜினுக்கு வார்னிஷ் அடித்திருக்கிறேன்.

சிலிண்டர் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்ததால் வெறும் ஹோனிங் போதாது, போரிங் போட வேண்டும், அதாவது உள்ளே கடைந்து வட்டமாக்க வேண்டும் என்றார். ஆம்னி பிஸ்டன் 68.5 மி.மீ. விட்டம், மூன்று சிலிண்டர், மொத்தம் 796 சி.சி. அதைவிட 0.50 மி.மீ. பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கி வந்து, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கோடு சேர்த்து லேத்துக்கு அனுப்பினார். பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டுதான் போரிங் போட வேண்டுமாம். சட்டைக்கு அளவு எடுக்க ஆள் வர வேண்டும் இல்லையா, அது மாதிரி. லேத்து அவருடையது அல்ல, வேறு ஆள். தாமதம் முழுக்க அங்கேதான். ஒன்பது நாள் கெடுவில் ஏழு நாளை லேத்தே சாப்பிட்டது, அப்புறம் பவர்கட், அப்புறம் விநாயகர் சதுர்த்தி. போன் செய்தால் மேஸ்திரி எடுக்க மாட்டார், பையன் எடுத்து “நாளைக்குக்கா” என்பான். அந்த நாளைக்கு பன்னிரண்டு முறை வந்தது. அந்த நாட்களில் வாடகை டாடா ஏஸுக்கு நான் கொடுத்தது தனிக் கணக்கு.

ஆனால் பிளாக் லேத்திலிருந்து திரும்பிய நாளில் நான் தற்செயலாக அங்கே இருந்தேன். அன்று பார்த்ததை வைத்து மற்ற எரிச்சலையெல்லாம் பாதி மன்னித்துவிட்டேன். ஹோனிங் முடிந்து வந்த சிலிண்டரில் கீறல்கள் பாய் பின்னல் மாதிரி சாய்வு சாய்வாகத் தெரிந்தன. பையன் ஒரு அடுக்கில் சுடுதண்ணீர் கொண்டுவந்தான். மேஸ்திரி துணி துவைக்கும் சோப்புத்தூளைப் போட்டுக் கலக்கி, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஒன்றை வைத்து மூன்று சிலிண்டரையும் தேய் தேய் என்று தேய்த்தார். நான், பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மண்ணெண்ணெய் ஊற்றினால் ஹோனிங் கல்லின் தூள் கீறலுக்குள் போய் ஒளிந்துகொள்ளுமாம், சோப்புத் தண்ணீர்தான் அதை மிதக்க வைத்து வெளியே கொண்டுவருமாம். கழுவி முடித்து ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டால் உள்ளே துடைத்தார். துணி சாம்பல் நிறம். மறுபடி சுடுதண்ணீர், மறுபடி சோப்பு, வேறு துண்டு. கொஞ்சம் வெளுத்த சாம்பல். மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது துண்டை என்னிடமே கொடுத்து, “நீங்க தொடச்சுப் பாருங்க” என்றார். விரலில் சுற்றிக்கொண்டு துடைத்தேன். வெள்ளையாகவே வந்தது.

கொத்திய அம்மியில் முதலில் அரிசியோ தவிடோ போட்டு அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் குழம்புக்கு அரைப்போம். கல்தூள் வயிற்றுக்குப் போகக் கூடாது. அதே வேலை.

துணி வெளுத்ததும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கையால் ஆயில் தடவினார். கடல் காற்று உள்ள ஊர். கழுவிய இரும்பைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் சிவப்பு ஏற ஆரம்பித்துவிடும்.

மாட்டிய வேலையைப் பற்றி எனக்கு முழுதாகச் சொல்லத் தெரியாது. ரிங்கை வெறும் சிலிண்டருக்குள் வைத்து இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்ததைப் பார்த்தேன். மூன்று ரிங்கின் வாயும் ஒரே கோட்டில் வராமல் திருப்பி வைத்தார். போல்ட்டுகளை டார்க் ரென்ச் வைத்துத்தான் இறுக்கினார். ஆயில் பம்ப், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எல்லா ஆயில் சீல்களும் புதிது. பழைய சாமான்களை ஒரு சாக்கில் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டார். சாமான் வாங்கிய பில் எல்லாம் இருந்தது. அவருடைய கூலிக்கு மட்டும் பில் என்று கேட்டால் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார். எனக்குக் கிடைத்தது செப்டம்பர் 4-ஆம் தேதித் தாள். வாரண்டி எல்லாம் வாய்ச்சொல்தான்.

இனி, இந்தப் பட்டறையை மற்ற இடங்களிலிருந்து பிரித்துக் காட்டுகிற விஷயம். வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்து அனுப்புவதில்லை. முதல் ஓட்டத்துக்கு அவரே கூட வருகிறார். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய் இறங்கினேன்.

முதலில் பிளக்குக்குக் கரண்ட் தரும் காயில் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டார். பத்து விநாடி, ஓய்வு, மறுபடி பத்து விநாடி. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும் வரை. காய்ந்த பேரிங்கில் வெடிப்பு விழக் கூடாது, ஆயில் முதலில் மேலே ஏறட்டும் என்றார். விளக்கு அணைந்ததும் சாக்கெட்டை மாட்டி ஸ்டார்ட் செய்தார். சட்டென்று பிடித்துக்கொண்டது. ஐடிலுக்கு விடவே இல்லை. ஆக்சிலரேட்டரில் காலை வைத்துச் சற்று உயர்த்தியே பிடித்துக்கொண்டார். பையன் அடியில் படுத்து எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்தான். ஐந்தாறு நிமிடம்தான். “ஏறுங்க, போலாம்” என்றார். ஓட்டுவது நான், பக்கத்தில் அவர்.

அரியாங்குப்பம் நெரிசல் ஆரம்பிக்கும் முன் தாண்டிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஆறு மணி. தவளக்குப்பம் கடந்து, கிருமாம்பாக்கத்தில் பாகூர் ரோட்டுக்குத் திருப்பச் சொன்னார். இரண்டு பக்கமும் வயல். பால்காரர்களைத் தவிர ரோட்டில் ஆள் இல்லை. புத்தகங்களில் 2,500 ஆர்.பி.எம்., 3,500 ஆர்.பி.எம். என்று எழுதியிருப்பார்கள். ஆம்னியில் ஆர்.பி.எம். மீட்டரே கிடையாது. அவர் எல்லாவற்றையும் கியரிலும் வேகத்திலும் சொன்னார். மூன்றாம் கியரில் 30. அங்கிருந்து ஆக்சிலரேட்டரை முக்கால்வாசி மிதித்து 50 வரை ஏற்ற வேண்டும். 50 வந்ததும் காலை முழுக்க எடுத்துவிட வேண்டும். கிளட்சையும் தொடக் கூடாது, பிரேக்கையும் தொடக் கூடாது. இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுத்து 30-க்குக் கொண்டுவரட்டும். மறுபடி மிதி.

எனக்குக் கால் நடுங்கியது. புது இன்ஜினை முக்கால்வாசி மிதிப்பதாவது! ஆயிரம் கிலோமீட்டர் 40-ஐத் தாண்டாமல் ஓட்டிய கால் இது.

“மிதிங்கம்மா. குழந்தையைத் தாலாட்டற மாதிரி ஓட்டினா ரிங்கு தூங்கிடும்” என்றார்.

மிதிக்கும்போது வெடிப்பின் அழுத்தம் ரிங்கைச் சுவரில் வைத்து அழுத்துகிறது. காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகி, கீழே இருந்து ஆயில் கொஞ்சம் மேலே வந்து ரிங்கைக் குளிர்வித்து, உரசலில் வந்த பொடியைக் கழுவிவிடுகிறது. இரண்டும் மாறி மாறி நடக்க வேண்டும். இதைப் பத்துப் பன்னிரண்டு தடவை செய்தோம். அப்புறம் டாப் கியரில் 40-லிருந்து 60 வரை இன்னும் சில தடவை. எட்டாவது தடவையிலோ ஒன்பதாவது தடவையிலோ வித்தியாசம் எனக்கே தெரிந்தது. முதலில் மாவு இறுகின கிரைண்டர் மாதிரி சுற்றிய இன்ஜின், கொஞ்சம் இளகி இழுக்க ஆரம்பித்தது. சத்தத்தில் இருந்த கரகரப்பு குறைந்தது. பாகூர் கடைத்தெருவில் டீ குடிக்க நிறுத்தியபோது உடனே இன்ஜினை அணைக்கச் சொன்னார். அவர் டீ குடிக்கவில்லை, சீட்டைத் தூக்கிவைத்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது கிலோமீட்டர் சுற்றிப் பட்டறைக்குத் திரும்பினோம். அன்று வண்டி அங்கேயே இருந்தது. மறுநாள் காலை இன்ஜின் ஆறியபிறகு ஹெட் போல்ட், தண்ணீர் அளவு, டேப்பட் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

சாதா மினரல் ஆயில், 20 டபிள்யூ 40, ஊற்றியிருந்தார். விலை உயர்ந்த சிந்தெடிக் ஊற்றலாமே, நான் காசு தருகிறேன் என்றேன். அது ரொம்ப வழுக்கும், ரிங் பழகுவதற்கு இப்போது கொஞ்சம் உரசல் வேண்டும், முதல் ஆயிரம் தாண்டட்டும் என்றார். காசு கொடுக்கிறேன் என்று சொல்லியும் வேண்டாம் என்ற மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

200 கி.மீ.இல் முதல் ஆயில் மாற்றம். அதைப் பார்க்க வேண்டும் என்று நானே நின்றேன். பழைய பிளாஸ்டிக் பேசினில் வடித்து வெயிலில் வைத்தார். ஆயில் மேல் ஜரிகைப்பொடி தூவின மாதிரி மினுமினுத்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேஸ்திரி ஒரு உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஆயிலில் விட்டு எடுத்தார். பையில் மெல்லிய கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. ரிங்கும் சிலிண்டரும் உரசினதில் வந்த இரும்பு, இந்தச் சமயத்தில் வரத்தான் செய்யும். தகடு தகடாக, விரலில் நெருடுகிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் கவலை என்றார். ஃபில்டரையும் அறுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. இரண்டாவது மாற்றம் 1,000 கி.மீ.இல். அப்போது ஜரிகை இல்லை, வெறும் பழுப்பு.

இந்த இடைவெளியில் எனக்கு அவர் போட்ட கட்டளைகளை வண்டிக்குள் ஒட்டியே வைத்திருந்தேன். முதல் 500-க்கு 60-ஐத் தாண்டாதே. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே, நாலுவழிச் சாலை பக்கம் இப்போதைக்குப் போகாதே. டாப் கியரில் 25-இல் திணறவிடாதே, கியரைக் குறை. சிக்னலில் ரொம்ப நேரம் நின்றால் அணைத்துவிடு. தினமும் காலையில் ஆயிலும் தண்ணீரும் பார். வண்டி புதிதாக வாங்கியபோது கொடுத்த புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன், முதல் 1,000 கி.மீ. வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லி அதிலும் இருக்கிறது. பதிமூன்று வருடம் டேஷ்போர்டிலேயே கிடந்த புத்தகம்!

கடலூரில் ஏற்றம் என்று சொல்ல கேப்பர் மலை ஒன்றுதான். பாரதியார் இருந்த ஜெயில் பக்கம். மலை என்ற பெயருக்கு மலைக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் எனக்குப் போதுமானதாக இருந்தது. நான்கைந்து நாள் விடியற்காலையில் மூன்றாம் கியரில் ஏறி, இறங்கும்போது காலை எடுத்துவிட்டுப் பழக்கினேன். அங்கே வாக்கிங் போகிறவர்கள் நான் டிரைவிங் கற்றுக்கொள்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.

பாரம்தான் என்னால் காப்பாற்ற முடியாத கட்டளை. 500 வரை ஐந்து டின்னுக்கு மேல் ஏற்றாதே என்றிருந்தார். தீபாவளி ஆர்டர் முன்கூட்டியே வந்துவிட்டது. 380 கி.மீ.இல் ஒரு நாள் பன்னிரண்டு டின் ஏற்றினேன். மேஸ்திரியிடம் சொல்லாமல் மறைக்கலாம் என்று பார்த்தேன், அவர் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருப்பதை வாசலிலேயே பார்த்துவிட்டார். திட்டிய திட்டு முழுக்க பையனைப் பார்த்துத்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் உறைத்தது.

குறை ஒன்று பெரிதாக உண்டு. 600 கி.மீ. வாக்கில் நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டு. இன்ஜின் பின்பக்கத்து ஆயில் சீல் சரியாக உட்காரவில்லை. அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். மறுபேச்சு இல்லாமல் இலவசமாகச் செய்தார், புது சீலும் அவர் காசில். ஆனால் எனக்கு வெள்ளிக்கிழமை சப்ளை முழுக்கப் போனது. வேட்டித் துண்டை ஐந்து தடவை மாற்றிய ஆள் ஒரு சீலில் கோட்டைவிட்டது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பையன் மாட்டியது என்று பின்னால் தெரிந்தது. பையனை அவர் காட்டிக்கொடுக்கவில்லை, பையனே ஒத்துக்கொண்டான்.

இன்னொன்று, உட்கார இடமே இல்லை. வேப்ப மரத்தடியில் ஒரு பழைய வேன் சீட் கிடக்கிறது, அதிலும் பெரும்பாலும் ஒரு பூனை. பெண்களுக்குக் கழிப்பறை வசதி சுத்தமாகக் கிடையாது. மெயின் ரோட்டுக்கு வந்து ஏதாவது ஹோட்டலுக்குள் நுழைந்து ஒரு காபி வாங்கினால்தான் உண்டு. இன்ஜின் வேலைக்கு வண்டி விடுகிறவர்கள் எல்லாம் ஆண்கள் என்று நினைத்துக் கட்டிய ஊர்தான் நம்முடையது.

பலனைச் சொல்கிறேன். முதல் 500-இல் ஒரு கால் லிட்டர் ஆயில் குறைந்தது. 500-க்கும் 1,000-க்கும் நடுவில் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது, ஊற்றும் அளவுக்கு இல்லை. அதற்குமேல் இறங்கவில்லை. 1,000-இல் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 165, 160, 165. மைலேஜ் 11-லிருந்து 15-க்கு வந்திருக்கிறது, அதுவும் பாரத்தோடு. ஆயில் மூடியைத் திறந்தால் புகை இல்லை. முந்திரி, முந்திரி வாசனையோடு போய்ச் சேருகிறது.

யாரெல்லாம் போகலாம்? பழைய மாருதி, ஆம்னி, ஜென், அம்பாசடர் வைத்திருந்து, இரண்டு மூன்று வாரம் வண்டி இல்லாமல் சமாளிக்க முடிந்தவர்கள். புதிய டீசல் வண்டிகளை அவரே எடுப்பதில்லை, கேட்டால் “எனக்குத் தெரியாதும்மா” என்று நேராகச் சொல்லிவிடுகிறார். அவசரமாக வண்டி வேண்டும், பில் வேண்டும், ஏ.சி. அறையில் உட்கார வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. வேலைக்கு விடுவதற்கு முன்னால் லேத்திலிருந்து பிளாக் வரும் தேதியைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர் சொல்லும் தேதியோடு பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின மாதம் விடவே விடாதீர்கள்.

முன்பணமாகப் பாதி கேட்பார். மீதியை 1,000 கி.மீ. முடித்து மீட்டர் பார்த்த அன்றுதான் வாங்கிக்கொண்டார், இதை மட்டும் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அன்று பணத்தோடு ஒரு கிலோ முழுப் பருப்பும் எடுத்துப் போயிருந்தேன். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “எனக்குப் பல்லு இல்லம்மா, ஒடச்ச பருப்பு இருந்தா கொண்டாங்க” என்றார். அடுத்த ஆயில் மாற்றத்துக்குப் போகும்போது எடுத்துப் போக வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் பெயிண்டில் அவரே எண் எழுதி வைத்திருக்கிறார், இன்னும் 1,760 இருக்கிறது.